குண்டாற்றுக் கரையும் உலகப் பட்டியலும்

எங்கள் தெருப் பையன் ஒருவன் குரூப் 4 தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறான். காலையில் பேப்பர் பார்க்க எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வருவான். நான் வரலாற்று வாத்தியாராக இருந்தவன் என்பதால், பேப்பரோடு சேர்த்து என்னையும் கொஞ்சம் புரட்டிப் பார்த்துவிட்டுப் போவான். போன வாரம் வந்தவன், "சார், உலக பாரம்பரியச் சின்னம் அதிகமா உள்ள நாடு எது?" என்றான்.

இத்தாலி என்றேன். 2025 ஜூலை கணக்குப்படி அங்கே 61. அடுத்தது சீனா 60, ஜெர்மனி 55, பிரான்சு 54, ஸ்பெயின் 50. ஆறாவதாக நாம், 44. உலகம் முழுக்க மொத்தம் 1,248. எல்லாவற்றையும் நோட்டில் குறித்துக்கொண்டான். பிறகு பேனாவை மூடிக்கொண்டே, "நம்ம ஊருப் பக்கம் ஒண்ணும் கிடையாதுல்ல சார்?" என்று கேட்டான். தேர்வில் வராத கேள்வி என்பதால் பதிலுக்குக் காத்திருக்காமல் போய்விட்டான். நான்தான் அதையே நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இந்தப் பட்டியல் எப்படி வந்தது என்பதை முதலில் சொல்கிறேன். அதுவே ஒரு தண்ணீர்க் கதைதான். நம் பக்கத்து ஆட்களுக்குச் சட்டென்று விளங்கும்.

1950களில் எகிப்து அரசு நைல் நதியில் அஸ்வான் உயர் அணையைக் கட்ட முடிவு செய்தது. அணை வந்தால் வெள்ளாமை பெருகும், கரண்டு வரும். ஆனால் மேல்பக்கம் நூபியா என்ற பகுதி முழுக்க முங்கிப்போகும். அங்கேதான் 3,200 ஆண்டுகளுக்கு முன் இரண்டாம் ராம்சேஸ் என்ற அரசன் மலையைக் குடைந்து செய்த அபு சிம்பல் கோயில்கள் இருந்தன. தண்ணீரா, கோயிலா? இரண்டும் வேண்டும் என்று எகிப்தும் சூடானும் யுனெஸ்கோவிடம் கேட்டன. 1964 முதல் 1968 வரை அந்தக் கோயில்களைக் கல் கல்லாக அறுத்து, ஏறக்குறைய 65 மீட்டர் உயரத்தில், பழைய இடத்துக்குப் பின்னால் கொண்டுபோய்த் திரும்பவும் பொருத்தினார்கள். 50 நாடுகள் பணம் கொடுத்தன. நம் இந்தியத் தொல்லியல் துறையிலிருந்தும் பி. பி. லால் தலைமையில் ஒரு குழு 1961-62இல் நூபியாவுக்குப் போய் அகழாய்வு செய்தது. (அதே காலத்தில் இங்கே கிருஷ்ணா நதியில் நாகார்ஜுனசாகர் அணைக்காக நாகார்ஜுனகொண்டாவைத் தோண்டி எடுத்து, நீருக்கு மேலே நின்ற குன்றில் கொண்டுபோய் வைத்துக்கொண்டிருந்தார்கள். அதைப் பற்றி உலகம் அவ்வளவாகப் பேசவில்லை.)

ஒரு நாட்டில் இருக்கிற பழஞ்சொத்து எல்லாருக்கும் பொது என்ற எண்ணம் இப்படித்தான் உருவாயிற்று. 1972 நவம்பரில் பாரிசில் ஒப்பந்தம் ஆனது. 1978இல் முதல் பட்டியல், 12 இடங்கள். இந்தியா 1977இல் ஒப்பந்தத்தில் சேர்ந்தாலும் நமக்கு முதல் இடங்கள் கிடைத்தது 1983இல்: அஜந்தா, எல்லோரா, ஆக்ரா கோட்டை, தாஜ்மகால். நமக்கு ஒரு வருடம் முன்னாலேயே இலங்கை அநுராதபுரம், பொலன்னறுவை, சிகிரியா மூன்றையும் சேர்த்துவிட்டது. கைக்குட்டை அளவு நாடு. இன்றைக்கு 8 இடங்கள் வைத்திருக்கிறது.

இதில் பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. யுனெஸ்கோக்காரர்கள் ஊர் ஊராக வந்து தேடிப் பார்த்து எடுத்துக்கொள்வதில்லை. அந்தந்த நாடுதான் மனுப் போட வேண்டும். முதலில் உத்தேசப் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். பிறகு எல்லை வரைபடம், வரலாறு, சட்டப் பாதுகாப்பு, பராமரிப்புத் திட்டம் என்று ஒரு பெரிய கோப்பு. அதை வல்லுநர்கள் வந்து சரிபார்ப்பார்கள். கடைசியில் 21 நாடுகள் உள்ள குழு முடிவு சொல்லும். இப்போது ஒரு நாடு ஆண்டுக்கு ஒரு மனுத்தான் போடலாம். இத்தாலி நம் தமிழ்நாட்டைப்போல இரண்டே கால் மடங்கைவிடச் சற்றுப் பெரிய நாடு, அவ்வளவுதான். அது முதலிடத்தில் இருப்பதற்கு ரோமாபுரி ஒரு காரணம் என்றால், கோப்புப் போடத் தெரிந்தது இன்னொரு காரணம். தாலுகா ஆபீசுக்கு நடந்து பழகியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சரி, தமிழ்நாட்டுக்கு என்ன இருக்கிறது? 1984இல் மாமல்லபுரம். 1987இல் தஞ்சைப் பெரிய கோயில். 2004இல் கங்கைகொண்டசோழபுரமும் தாராசுரமும் அதோடு சேர்ந்தன. 2005இல் நீலகிரி மலை ரயில். 2012இல் மேற்குத் தொடர்ச்சி மலை. 2025இல் மராத்தியர் கோட்டைகள் என்ற தொகுப்பில் நம் செஞ்சிக் கோட்டை.

இந்த வரிசையை ஒருமுறை நிதானமாகப் படித்துப் பாருங்கள். பல்லவன் இருக்கிறான், சோழன் இருக்கிறான், வெள்ளைக்காரன் போட்ட தண்டவாளம் இருக்கிறது, மராத்தியன் பெயரில் செஞ்சியும் வந்துவிட்டது. பாண்டியன் எங்கே? மனிதன் கையால் கட்டியது என்ற வகையில் பாண்டிய நாட்டுக்கு ஒன்றுகூட இல்லை. மதுரை மீனாட்சியம்மன் கோயிலே பட்டியலில் இல்லை என்றால் நம் வறட்டுப் பக்கத்தை யார் கேட்கப்போகிறார்கள்?

இதற்கு நான் கண்ட காரணம் ஒன்றைச் சொல்கிறேன், மறுப்பவர்கள் மறுக்கலாம். பாண்டிய நாட்டுக் கோயில்கள் ஓயாமல் புழங்கின கோயில்கள். நாயக்கர் வந்து கட்டினார், சேதுபதி வந்து கட்டினார், நகரத்தார் வந்து அடியோடு பிரித்துப் புதிதாகவே கட்டினார்கள். பக்தியால் செய்ததுதான். ஆனால் பழைய கல் போன இடம் தெரியவில்லை. தஞ்சாவூரில் ராஜராஜன் வைத்த கல் வைத்தபடி இருக்கிறது. நம் பக்கம் கல் நடந்துகொண்டே இருந்தது.

ஆனாலும் பையன் சொன்னது சரியில்லை. நம் விருதுநகர் மாவட்டத்தில் உலகச் சொத்து இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலை என்று 2012இல் அறிவித்தது முழு மலையையும் அல்ல, 39 துண்டுகள். அதில் ஒரு துண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் சாம்பல்நிற அணில் சரணாலயம். செண்பகத்தோப்புக்குக் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போனவர்களும், அமாவாசைக்குச் சதுரகிரி ஏறினவர்களும், தாஜ்மகாலுக்குச் சமமான பட்டியல் இடத்தில்தான் கால் வைத்தோம் என்று தெரியாமலே இறங்கி வந்திருக்கிறோம். 2021இல் அந்தக் காடும் மேகமலையும் சேர்ந்து புலிகள் காப்பகமும் ஆகிவிட்டது.

"அது எங்கேயோ மலையில, நமக்கென்ன?" என்று கேட்கலாம். அந்த மலையின் சாப்டூர்ப் பக்கச் சரிவில்தான் நம் குண்டாறு பிறக்கிறது. அங்கிருந்து திருமங்கலம் பக்கமாக இறங்கி, காரியாபட்டி வட்டாரம் வந்து, திருச்சுழியைத் தொட்டுக்கொண்டு கமுதிக்குப் போகிறது. போகிறது என்பது பேச்சுக்குத்தான். குண்டாற்றில் தண்ணீர் வருகிறது என்றால் திருச்சுழியில் பாலத்தின்மேல் கூட்டம் கூடிவிடும், சாமி புறப்பாடு பார்க்கிற மாதிரி. மற்ற நாளில் மணலும் சீமைக் கருவேலும்தான். இருந்தாலும் ஆறு ஆறுதான். அதன் கரையில்தான் நம் சரித்திரம் கிடக்கிறது.

திருச்சுழி திருமேனிநாதர் கோயில் பாண்டிய நாட்டுப் பாடல் பெற்ற தலங்கள் 14இல் ஒன்று. சுந்தரர் பாடியது. 1879 டிசம்பர் 30இல் ரமண மகரிஷி பிறந்ததும் இந்த ஊரில்தான்; அந்த வீட்டை ரமணாசிரமத்தார் சுந்தர மந்திரம் என்ற பெயரில் பேணி வருகிறார்கள். எந்தப் பட்டியலிலும் இல்லாமல் ஒரு வீடு நன்றாக இருக்க முடியும் என்பதற்கு அது சாட்சி. வருகிறவர்களில் பலர் அதைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். பக்கத்திலேயே குண்டாற்றங்கரையில் பள்ளிமடம் இருக்கிறது. அங்குள்ள சிவன் கோயிலுக்குப் போகிறவர்கள் குறைவு.

பள்ளிமடத்தில் 10ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் கல்வெட்டுகள் இருக்கின்றன. கோயிலின் பழைய பெயர் சுந்தரபாண்டிய ஈசுவரம். பள்ளிப்படை என்று கல்வெட்டு சொல்கிறது. அதாவது, இறந்துபோன ஒரு சுந்தரபாண்டியனை அடக்கம் செய்த இடத்தில் எழுப்பிய கோயில். சோழர் பள்ளிப்படைகளைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். பாண்டியர் பள்ளிப்படை என்று அடையாளம் காட்டக் கூடியது மிக அபூர்வம். அது நம் தாலுகாவில், பஸ் போகிற தூரத்தில் இருக்கிறது.

இன்னொரு விசேஷமும் உண்டு. பழைய வெண்பு நாட்டில், இன்றைக்குக் காரியாபட்டிப் பக்கம் உள்ள குறண்டியில், திருக்காட்டாம்பள்ளி என்ற பெரிய சமணப் பள்ளி இருந்தது. மதுரைச் சமணமலைக் கல்வெட்டுகளில் குறண்டித் துறவிகளின் பெயர் வருகிறது என்றால் அது எவ்வளவு பெயர் பெற்ற இடமாக இருந்திருக்க வேண்டும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். இன்றைக்குக் குறண்டியில் அந்தப் பள்ளி நிற்கவில்லை. ஆனால் அதைப் பற்றிய கல்வெட்டு பள்ளிமடம் சிவன் கோயில் கற்களில் இருக்கிறது. இடிந்த பள்ளியின் கற்களைக் கொண்டுவந்து பிற்காலத்தில் இங்கே வைத்துக் கட்டியிருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். சமணர் கல்லைச் சிவன் கோயில் சுமந்துகொண்டிருக்கிறது. கொண்டுவந்தவர் யாரோ, கல் மிச்சம் என்றுதான் நினைத்திருப்பார். பள்ளியின் பெயர் அதனால்தான் பிழைத்தது.

அருப்புக்கோட்டைக்குப் பக்கத்துக் கோவிலாங்குளத்திலும் இதே மாதிரி. அங்கே முதல் குலோத்துங்க சோழன் காலக் கல்வெட்டு, முக்குடையாருக்குக் கும்பனூர்க்காரர்கள் சேர்ந்து நிலம் விட்டதைச் சொல்கிறது. முக்குடையார் என்றால் தலைக்குமேல் மூன்று குடை உள்ள தீர்த்தங்கரர். தொள்ளாயிரம் வருடங்களுக்கு முன் நம் பக்கத்து ஊர்க்காரர்கள் பலர் கூடிப் பேசி ஒரு தர்மம் செய்திருக்கிறார்கள். ராஜா செய்தது அல்ல, ஊர் செய்தது.

இவையெல்லாம் நமக்கு எப்படித் தெரியும்? 1914 வாக்கில் சென்னை கல்வெட்டுத் துறை ஆட்கள் மாட்டு வண்டியும் மைப்பெட்டியுமாக இந்தப் பக்கம் வந்து படியெடுத்துப் போனதால்தான். படியெடுக்கிற விதம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கல்லைத் தேய்த்துக் கழுவ வேண்டும். காகிதத்தை நனைத்து மேலே ஒட்டி, குச்சங்கள் நெருங்கிய பிரஷ்ஷால் தட்டித் தட்டி எழுத்துக் குழிக்குள் காகிதத்தை இறக்க வேண்டும். ஓரளவு காய்ந்ததும் மைத்திண்டால் ஒற்றினால், மேடு கறுப்பாகும், எழுத்து வெள்ளையாக நிற்கும். சித்திரை வெயிலில் நம் பக்கம் காகிதம் நொடியில் காய்ந்துவிடுமே, எப்படிச் சமாளித்தார்களோ! அவர்கள் எடுத்த படிகள் பிறகு வெகுகாலம் மைசூரில் இருந்தன. தமிழ்க் கல்வெட்டுப் படிகளைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவரச் சொல்லி 2021இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவு போட வேண்டியிருந்தது.

குண்டாறு கமுதி தாண்டிப் போகிற பக்கம் எல்லாம் கண்மாய் நாடு. 1985 வரை நாமும் அவர்களும் ஒரே ராமநாதபுரம் மாவட்டம்தான். அங்கே முதுகுளத்தூர்ப் பக்கம் சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் என்று இரண்டு கண்மாய்கள். நாட்டுக் கருவேல மரங்களில் நாரையும் கொக்கும் கூடு கட்டும். 2022இல் இரண்டும் ராம்சர் தலங்களாக அறிவிக்கப்பட்டன. ஈரானில் ராம்சர் என்ற ஊரில் 1971இல் போட்ட ஈரநில ஒப்பந்தம் அது. யுனெஸ்கோ பட்டியல் வேறு, இது வேறு. இந்தியாவிலேயே ராம்சர் தலங்கள் அதிகமுள்ள மாநிலம் தமிழ்நாடு, 20 இருக்கின்றன. தண்ணியில்லாக் காடு என்று மாற்றல் உத்தரவுக்குப் பயந்த அதே மண்ணில், உலக ஈரநிலப் பட்டியலில் இரண்டு இடம். எழுதும்போதே எனக்குச் சிரிப்பு வருகிறது. எந்தக் காலத்தில் யார் வெட்டினார்களோ, மழைத் தண்ணீரைப் பிடித்து வைக்க மனிதன் போட்ட கரைதான் அது. பறவை தானாக வந்தது.

சிவகங்கை மாவட்டத்துக் கொள்ளுக்குடிப்பட்டியில் வேட்டங்குடிப் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு ஊர்க்காரர்கள் வெடி போடுவதில்லை. சட்டம் வருவதற்கு முன்பிருந்தே அப்படித்தான்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1958ஆம் வருடத்துத் தொல்லியல் சட்டம் இருக்கிறது. 2010 திருத்தத்துக்குப் பிறகு, மத்தியப் பாதுகாப்பில் உள்ள சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் கட்டடம் கட்டக் கூடாது, அதற்கடுத்த 200 மீட்டருக்குள் அனுமதி வேண்டும். மாநிலத்துக்கு 1966ஆம் வருடச் சட்டம் தனியே உண்டு. மத்திய அரசின் பாதுகாப்பில் நாடு முழுக்க ஏறக்குறைய 3,700 சின்னங்கள். ஆனால் 2013இல் மத்தியத் தணிக்கைத் துறை நேரில் போய்ப் பார்த்துவிட்டு, 92 சின்னங்களைக் காணவில்லை என்று எழுதியது. கடியாரம் காணோம், குடை காணோம் என்பதுபோல் சின்னம் காணோம்! பிறகு தேடியதில் 42 கிடைத்தன. மிச்சம் 50இல் 14 நகரம் பெருத்ததில் போயின. 12 அணைகளுக்குள் முங்கின. 24 எங்கே என்றே தெரியவில்லை என்று 2022இல் அரசே நாடாளுமன்றக் குழுவிடம் ஒப்புக்கொண்டது.

உலகப் பட்டியலில் ஏறிவிட்டால் கவலை விட்டது என்றும் இல்லை. ஹம்பி 1999 முதல் 2006 வரை ஆபத்துப் பட்டியலில் கிடந்தது, துங்கபத்திரைமேல் கட்டத் தொடங்கிய பாலத்தால். ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரம் எங்களுக்குப் பாலம்தான் வேண்டும் என்று கட்டிக்கொண்டது. 2009இல் பெயரையே அடித்துவிட்டார்கள். பாலம் கேட்டவர்களை நான் குறை சொல்லமாட்டேன். மழைக்காலத்தில் ஆற்றுக்கு அக்கரையில் நின்று பார்த்தவனுக்குத்தான் பாலத்தின் அருமை தெரியும். மேலூர்ப் பக்கம் அரிட்டாபட்டியில் நடந்தது எதிர்மாதிரி. 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் என்று அரசு அறிவித்த இடத்தையும் சேர்த்து, 2024இல் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டார்கள். அறிவிப்புப் பலகை அதைத் தடுக்கவில்லை. ஊர் ஊராக ஜனங்கள் மதுரைக்கு நடந்து வந்தபிறகுதான் 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது.

இதையெல்லாம் எழுதுகிற எனக்கு ஒரு கணக்குத் தீர்க்க வேண்டியிருக்கிறது.

எங்கள் ஊர்க் கண்மாயில் கிழக்கு மடைக்குப் பக்கத்தில் ஒரு கல் இருந்தது. ஆள் உயரம். பாதி மண்ணுக்குள். சின்ன வயதில் அதன்மேல் உட்கார்ந்துதான் கெண்டைக்குத் தூண்டில் போடுவோம். ஈரக் காலால் தேய்த்தால் எழுத்துத் தெரியும். வாத்தியாரான பிறகு ஒருநாள் போய்ப் பார்த்தபோது தலைப்பில் ஸ்வஸ்தி ஸ்ரீ என்பதை மட்டும் என்னால் படிக்க முடிந்தது. மேலே படிக்க ஆளைக் கூட்டிவர வேண்டும், ஒரு கார்டாவது எழுதிப்போட வேண்டும் என்று நினைத்தேன். கோடை விடுமுறையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். எத்தனை கோடை விடுமுறை வந்து போயின என்று எண்ணிச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. வகுப்பில் பிள்ளைகளுக்கு அஜந்தாவும் எல்லோராவும் நடத்திக்கொண்டிருந்தேன்.

பிறகு மடையை இடித்துச் சிமெண்டில் கட்டினார்கள். நல்ல வேலைதான், ஒழுக்கு நின்றது. ஆனால் கல்லைக் காணோம். வேலைக்கு வந்தவர்கள் ஜல்லிக்கு உடைத்தார்கள் என்று சிலர் சொன்னார்கள், கரைக்குள்ளேயே போட்டு மூடினார்கள் என்று சிலர். அவர்களுக்கு அது ஒரு கல். கல்வெட்டு என்று தெரிந்த ஒரே ஆள் ஊரில் நான்தான். நான் ஒரு தாளையும் பென்சிலையும் கொண்டுபோய்த் தேய்த்திருந்தால்கூட நாலு வரி மிஞ்சியிருக்கும். எந்த ராஜா, எந்த வருடம், மடைக்கு யார் நிலம் விட்டார்கள் என்று ஏதோ ஒன்று அதில் இருந்திருக்கும். அந்தப் பையன் "ஒண்ணும் கிடையாதுல்ல" என்றபோது எனக்குச் சுருக்கென்றதற்குக் காரணம் அதுதான்.

அவனிடமே மறுநாள் இதைச் சொன்னேன். நோட்டில் எதையும் குறிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தான். முந்தாநாள் சாயங்காலம் வந்து, "சார், எங்க மாமா தோட்டம் உங்க ஊருக் கண்மாய்க்குக் கீழதான் இருக்கு. பம்புசெட்டு ரூம் வாசப்படியா ஒரு நீளக் கல்லு கிடக்கு. மடை கட்டினப்ப வண்டியில ஏத்திட்டு வந்ததுன்னு மாமா சொல்றாரு. மேல் பக்கம் வழவழன்னு இருக்கு, அடிப்பக்கம் யாரும் பாத்ததில்ல" என்றான்.

வெறும் கல்லாகவும் இருக்கலாம். வெள்ளிக்கிழமை அவன் மோட்டார் சைக்கிளில் போவதாக ஏற்பாடு. கல்லைப் புரட்ட மூன்று பேருக்குச் சொல்லியிருக்கிறான். தேங்காய் நார் பிரஷ்ஷும், வெள்ளைத் தாளும், சாக்பீஸ் பெட்டி ஒன்றும் நான் எடுத்து வைத்திருக்கிறேன். எழுத்து இருந்தால் அன்றைக்கே தொல்லியல் துறைக்குக் கடிதம் போகும். முகவரி எழுதிய கவரும் தயார்.